உடைந்த ஊசியும் எலும்பு ஸ்கேனும்

உடைந்த தையல் ஊசியின் துண்டுகளை வரிசையாக வைத்து டேப் ஒட்டிய ஓர் அட்டை. நங்கை என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. நங்கை என்றால் என் அண்ணன் மனைவி. மண்ணரை என்ற ஊரில் குழந்தைத் துணி தைக்கும் பனியன் கம்பெனியில் ஊசி கொடுத்து வாங்குவது அவர் வேலை. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தாக வேண்டும். நுனி மட்டும் கிடைக்கவில்லை என்றாலும் அங்கே தைத்த துணி ஒன்றுகூட நகராது. சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் நங்கையிடம் நடக்காது.

இப்போது பள்ளிக்கூடம் போகும் என் மகள் அப்போது கைக்குழந்தை. பிரசவத்துக்கு வந்து அம்மா வீட்டில் இருந்தேன். நங்கைக்கு மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. நோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்கக் கோவையில் ஸ்கேன் எடுத்தார்கள். கதிர்வீச்சு மருந்தை உடம்பில் ஏற்றி எடுக்கும் ஸ்கேன். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அன்று ஒரு நாள் கைக்குழந்தையிடமும் கர்ப்பிணிகளிடமும் ஒட்டி இருக்க வேண்டாம், கதிர்வீச்சு சில மணிக்கொருமுறை பாதி பாதியாகக் குறைந்துவிடும் என்று டெக்னீஷியன் சொல்லி அனுப்பினார்.

அந்தப் பாதிக் கணக்குதான் வினையாகிவிட்டது. மறுநாளும் நங்கை குழந்தை பக்கம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வாசற்படியில் நின்றே எட்டிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவளை மடியைவிட்டு இறக்காத மனுஷி!

“பாதி போகும், அதுல பாதி போகும்ங்கறாங்க. முழுசாப் போயிருச்சுன்னு ஒருத்தரும் சொல்லலியே அம்மிணி?”

எனக்கு ஆத்திரம் வந்தது, கூடவே அழுகையும். “அப்ப கடைசி வரைக்கும் தூக்கவே மாட்டீங்களா? உங்க கம்பெனியில துண்டு கிடைக்கலீன்னா என்னங்க பண்ணுவீங்க?”

“ஊசித் துண்டு இருந்தாக் கத்தற மெஷின் இருக்குது, துணியை அதுல உட்டுப் பாப்போம். சத்தம் வரலீன்னா பாஸ்.”

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று, குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் போனேன். டெக்னீஷியனிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை, புண்ணியவான். “மறுநாளே தூக்கியிருக்கலாமேங்க” என்றவர், கதிர்வீச்சு அளக்கும் கருவியை எடுத்துவந்து முதலில் சுவரருகே காட்டினார், பிறகு நங்கையருகே. இரண்டுக்கும் முள் ஒரே இடத்தில்தான் நின்றது.

“முதுகுப் பக்கமும் ஒருக்கா வெச்சுப் பாருங்க சாமி” என்று திரும்பி நின்றார் நங்கை.

டாக்டர் சாயந்திரம்தான் வருவார் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் ரிப்போர்ட் கவரை என் கையில் திணித்துவிட்டு நங்கை உள்ளே போய்விட்டார். வீடே பயந்து காத்திருந்த காகிதம் அது. நான்தான் பிரித்தேன். எலும்புக்குப் பரவவில்லை என்று போட்டிருந்தது.

“ஒண்ணுமில்லீங்க! ஒண்ணுமே இல்லீங்க!” என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். என் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த நங்கை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“மெதுவாப் பேசு அம்மிணி. இப்பத்தான் கண்ணசந்தா.”