பின் மதிலில் இருந்த கதவு

பதுளைக் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் அதைப் புகழாமல் இருப்பதில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரே வரிசையில் விறாந்தைகள், மாடிக்கு மேல் மாடி கிடையாது, மழைத்தண்ணீர் ஓடக் கான், முச்சந்தியில் குழாய்த் தண்ணீர். கொழும்பு மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு வளராமல், மலைக்குத் தகுந்த சிறிய ஊராகவே இது இருக்க வேண்டும் என்று திட்டம் போட்ட வெள்ளைக்காரத் துரை சொன்னாராம். நல்ல திட்டம்தான். இல்லை என்று சொல்ல எனக்கும் வாய் வராது. ஆனால் புகழ்கிறவர்களோடு சேர்ந்து தலையாட்ட என்னால் முடியாது.

ஐரோப்பாச் சண்டை முடிந்து, சாமான் விலை இன்னும் இறங்காதிருந்த காலம். என் கணவருடைய புடவைக் கடை கடைத்தெருவில் இருந்தது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம், முற்றத்தின் கடைசியில் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த தெருவைப் பார்த்த வீட்டின் முற்றம். அது என் ராத்தாவின் வீடு. எனக்கு இருந்த ஒரே அக்கா. மதிலில் குனிந்து போகும் உயரத்துக்கு ஒரு கதவு வைத்திருந்தோம். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான். தெரு ஆண்களுக்கு, முற்றங்கள் எங்களுக்கு. தெருவில் கால் வைக்காமலே பல வீடுகளுக்குப் போய் வருவோம்.

கடைசிப் பிரசவத்தோடு ராத்தாவின் கால்கள் விளங்காமல் போயின. பிள்ளையும் தங்கவில்லை. அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது. அவள் கணவர், என் மச்சான், விடிந்தால் கடைக்குப் போய்விடுவார். அவளைத் திருப்பிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, சோறு ஊட்டுவது, பேச்சுத்துணை எல்லாம் நான்தான். அடுப்பில் உலை வைத்துவிட்டுப் போவேன். "அங்க சோறு பொங்கி வழியுது, இங்க நீ கத அளக்கிறாய்" என்று விரட்டுவாள். விரட்டிவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் கடைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுத் துரை திட்டத்தை விரித்துக் காட்டினார். கக்கூஸ் வாளி வண்டிகள் கடைத்தெருவில் வந்து நாறடிக்கக் கூடாது; இரண்டு தெருக்களுக்கும் நடுவில், முற்றங்களின் கடைசியில், அவற்றுக்கென்று ஒரு சந்து வெட்டப்படும். எங்கள் ஆண்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. விறாந்தையில் கொஞ்சம் குறைக்கச் சொன்னதுதான் அவர்களுக்குப் பெரிய துக்கம். அதற்கே மல்லுக்கட்டி, கடைசியில் ஜெயித்தும் விட்டார்கள். புறப்படும் நேரம் துரை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம், பின்பக்கத்தில் யாருக்காவது வழி, வாசல் உண்டா, இருந்தால் அதற்குத் தகுந்தபடி செய்யலாம் என்று.

"எல்லாரும் இல்லையெண்டு சொன்னம்" என்றார் என் கணவர், ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டே.

"இல்லையா? அப்ப நான் ஒவ்வொரு நாளும் எதால போறன்? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அத்தன ஆம்புளைக்கு முன்னால, வெள்ளக்காரன்ட்ட, எங்கட பொம்புளயள் இதால போவாங்க, அதால வருவாங்கண்டு சொல்லச் சொல்றியா? உன்ட மச்சானும் பக்கத்துலதான் நிண்டார். அவரும் வாய் திறக்கல்ல."

வீட்டுப் பெண்களைப் பற்றி வெளியில் பேசாததுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். அந்த மரியாதை எங்கள் தலையில்தான் விடிந்தது. மறுபடி போய்ச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "இல்லையெண்ட வாயால உண்டு எண்டு சொல்லவா?" என்றார். பள்ளிவாசல் லெப்பையிடம் ஆள் விட்டேன். அவரும் துரையிடம் போனார், பள்ளிவாசல் சுவரைத் தொடக் கூடாதென்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். நானே போய்க் கேட்டிருப்பேன். எந்த வழியால் போவது?

சந்து வந்தது. ஒரு வண்டி போகும் அகலம், இரண்டு பக்கமும் புது மதில். அது பொது வழி, எந்த நேரமும் யாராவது நடப்பார்கள் என்று சொல்லி ஆண்கள் அதில் கதவு வைக்கச் சம்மதிக்கவில்லை. வாளி எடுப்பதற்கு மட்டும் கீழே சிறு திறப்பு விட்டார்கள்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும், திரை கட்டிய மாட்டுவண்டியில், தெருவைச் சுற்றிக்கொண்டு என் அக்கா வீட்டுக்குப் போனேன். மற்ற நாட்களில் அவள் இருமுவது கேட்கும். கேட்கும், அவ்வளவுதான். பொது வழிக்கு மேலால் பெண்பிள்ளை குரல் கொடுக்கலாமா? மதிலடியில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். திருப்பிப் படுக்க வைக்க ஆளில்லாமல் அவள் முதுகு புண்ணாகிப் போனது. வெந்நீரில் துணியை நனைத்துப் புண்ணைத் துடைத்தேன். "விடு புள்ள, நீ என்ன செய்வாய்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மச்சானும் ஒற்றை ஆள். தெற்கே கடலோரம், காலி நகரத்திலிருந்த தன் தாயிடம் அவளைக் கொண்டுபோய் விடுவதென்று முடிவெடுத்தார். பண்டாரவளை வரை வண்டி, பிறகு ரயில். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கள், நான் ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். தெரிந்த குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலிக்குப் புறப்படுகிறது, அவர்களோடு போனால்தான் வழியில் பெண்துணை கிடைக்கும் என்று பதில் வந்தது.

அது தேயிலைத் தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிறு. மடுல்சீமையிலிருந்தெல்லாம் சனம் இறங்கியிருந்தது. கடை நிறைய ஆள். எனக்கு வண்டி பிடித்துக் கொடுக்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த கதவிடுக்கில் போய் நின்றேன். சேலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தவர்களின் தலைகளுக்கு மேலால், தெருவில் ஒரு கூண்டு வண்டி மெல்ல வந்தது. முன்னால் மச்சான் இருந்தார். எங்கள் கடைக்கு நேரே வந்ததும் உள்ளிருந்து யாரோ திரைச்சீலையைப் பிடித்தார்கள். பிடித்ததுதான், விலக்கவில்லை. தெரு முழுக்க ஆண்கள். ராத்தா என்று கூப்பிட வாயெடுத்தேன். என் கணவர் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில், ராத்தா இறந்துபோனாள் என்று காலியிலிருந்து மௌத்துச் செய்தி வந்தது. அவளைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்கிறவர்களிடம், சம்பள ஞாயிறன்று கடைக்கு முன்னால் பார்த்தேன் என்று சொல்கிறேன். பார்த்தேன் என்றா சொல்கிறேன்? நான் வண்டியைத்தான் பார்த்தேன்.