இரவு விமானத்தின் ஆறாவது நிறம்

விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதா ஒளியைக் காட்டியபோது, விமானத்தின் மூக்கில் விரல்நுனி அளவு வட்டம் ஒன்று மஞ்சளாகச் சுடர்ந்தது. ஒட்டாவாவிலிருந்து வந்திருந்த வர்ண நிபுணர் கிரகாம் மூச்சை உள்ளே இழுத்தார். சுற்றி நின்ற பதினொரு தொண்டர்களில் ஒன்பது பேர் கைதட்டினார்கள். அருள்நாயகம் இருமினார். கோணேஸ்வரி மட்டும் அசையாமல் நின்றார். நல்ல காலம், இருட்டு. அவர் முகத்தை எவரும் பார்க்கவில்லை.

அந்த வட்டத்தை வைத்தவர் அவர்தான்.

கோணேஸ்வரி பாக்கியராசாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பிறந்தது திருகோணமலை, வசிப்பது கனடாவில், டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடி. ஸ்காபரோவில் இடிபட்ட கார்களைத் திருத்தும் கடையொன்றில் இருபத்திரண்டு வருடம் நிறம் கலந்தார். புதுக் கதவு பழைய கதவோடு ஒத்துப்போக வேண்டும். வெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. வெள்ளைக் கார் ஒன்றைப் பார்த்தால், அது எந்த வருட வெள்ளை, எத்தனை பனிக்காலம் வெளியே நின்ற வெள்ளை என்று சொல்லுவார். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்காரச் சேலை கட்டியவர்கள் பயப்படுவார்கள்.

மணிக்கட்டு வலியால் வேலையை விட்டதும் வீடு அவருக்கு ஒத்துவரவில்லை. விட்பிக்குக் கிழக்கே இருக்கும் சிறிய விமானக் காட்சியகம் ஒன்று, பழைய வர்ணம் தெரிந்தவர் தேவை என்று விளம்பரம் போட்டிருந்தது. முதல் நாள் ஒரு பஸ், ஒரு ரயில், பிறகு இன்னொரு பஸ். அங்கே ஏற்கெனவே இயந்திரம் துடைத்துக்கொண்டிருந்தவர் மல்வேர்னைச் சேர்ந்த அருள்நாயகம், ஓய்வுபெற்ற பஸ் சாரதி. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவருடைய காரிலேயே பயணம்.

விமானம் ஜெர்மன்காரருடையது. இரட்டை இயந்திரம், இரவில் குண்டுவீச்சு விமானங்களை வேட்டையாடியது. மூக்கிலே ராடார் கம்பிகள்.

"என்ன பிள்ளை, மூக்கிலை ரீவி அன்ரனாவோடை நிக்குது!" என்றார் அருள்நாயகம் முதல் நாளே.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மே மாதம் அது டென்மார்க்கில் பிடிபட்டது. அதன்பிறகு நடந்ததுதான் ஒருவருக்கும் ஒழுங்காகத் தெரியவில்லை. காகிதங்கள் தொலைந்துவிட்டன. வெளியே தெரிந்தது உரிந்துபோன சிவப்பு மட்டும்.

கோணேஸ்வரி கார்க் கடையில் செய்வதைத்தான் செய்தார். மூக்கில் தேநீர்க் கோப்பையின் பீரிசு அளவு இடத்தைத் தெரிவுசெய்து, மணற்தாளால் சரிவாகத் தேய்த்தார். வெட்டிய வெங்காயம்போல வளையங்கள் வந்தன. பழைய படங்களையும் ஊர்க்காரர் நினைவுகளையும் வைத்து ஒவ்வொன்றுக்கும் காலம் குறித்தார்கள். வெளியே சிவப்பு: நெடுஞ்சாலையோரம் பழைய கார் விற்றவர் ஒருவர் அதைத் தூண்மேல் ஏற்றி விளம்பரம் செய்த காலம். உள்ளே மஞ்சள்: கோடை முகாமில் பயிற்சிப் படைப் பிள்ளைகள் பூசியது. அதற்கும் உள்ளே வெள்ளி: கப்பலில் கனடா வந்து சந்தைகளில் வேடிக்கை காட்டிய காலம். பிறகு பச்சை: பிரித்தானியர் பிடித்துப் பறந்து பார்த்தபோது அவசரமாக அடித்தது. நடுவில், நாணய அளவில், ஜெர்மன் சாம்பல்.

"எங்களைப் போலத்தான்," என்றார் அருள்நாயகம். "வந்த நாளிலையிருந்து எத்தினை யூனிஃபோர்ம்."

வேலை நன்றாகத் தொடங்கிவிட்டது. கார்க் கடையில் ஒவ்வொரு வண்டிக்கும் தொடங்கும்போது செய்வதைக் கோணேஸ்வரியின் கை தானாகவே செய்தது. கைப்பையிலிருந்த சிமிழைத் திறந்து, மோதிர விரலால் சந்தனம் தொட்டு, அந்தச் சாம்பல் நடுவில் ஒரு பொட்டு. அதன் நடுவில் இத்தனூண்டு குங்குமம். போகும்போது துடைப்பதாகத்தான் எண்ணம். மறந்து போனார். மாலையில் வேறொரு தொண்டர் அந்த இடத்தைப் பாதுகாக்க வார்னிஷ் அடித்துவிட்டார். மேலே துணி போர்த்தி மூன்று வருடம்.

இப்போது கிரகாம் துணியை விலக்கியிருக்கிறார்.

"ஜெர்மன் சாம்பலுக்கு மேலே, பிரித்தானியப் பச்சைக்குக் கீழே," என்று அவர் விளக்கினார். "அதாவது பிடிபட்ட அதே வாரம். தங்கள் பீரங்கியே தவறிச் சுட்டுவிடக்கூடாதென்று பிரித்தானியர் வைத்த, விசேஷ விளக்கில் மட்டும் தெரியும் ரகசியக் குறி. இதுவரை எங்கும் பதிவாகாதது!"

வெள்ளிக்கிழமை தகவல் பலகை அச்சுக்குப் போகும். அடுத்த சனிக்கிழமை விமானத்தைக் கொட்டகையிலிருந்து முதன்முறையாக வெளியே தள்ளுவார்கள். தள்ளும் பன்னிரண்டு பேரில் கோணேஸ்வரியும் ஒருவர்; இடது சக்கரம்.

கொட்டகைக் கதவில் ஓர் அறிவித்தலும் இருந்தது: அனுமதியில்லாமல் விமானத்தில் எதையாவது பூசுபவர் அன்றே விலக்கப்படுவார். போன வருடம் உந்துவிசிறிக்கு மெழுகு போட்ட ஒருவரைப் பொறுப்பாளர் டோரீன் தேநீர்கூடக் குடிக்கவிடாமல் அனுப்பியிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் கோணேஸ்வரியும், அன்று பொட்டு வைத்ததைப் பார்த்திருந்த அருள்நாயகமும் தனியே இருந்தார்கள்.

"கோணேஸ், பிரித்தானியப் படைக்கு நீங்கள் செய்த சேவைக்கு ஒரு மெடல் கிடைக்கும்."

"வாயைப் பொத்துங்கோ அண்ணை."

"நான் பொத்துவன். அந்த லைற் பொத்துமே?"

"உரைச்ச சந்தனமெண்டால் உப்பிடி எரியாது. கடைப் பவுடர். மஞ்சள் கலந்து விக்கிறாங்கள். நாசமாப் போவார்."

"பேசாமல் விடுங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே. அந்தப் பலகையிலை பொய் எழுதினால், ஒவ்வொரு சனியும் நான் அதைத் தாண்டித்தானே போகோணும்."

"சொன்னால் சனியே இல்லை."

"ஓம்," என்றார் கோணேஸ்வரி. சோற்றுப் பெட்டியை மூடிவிட்டு எழுந்தார்.

டோரீன் முன்னிலையில் அவர் சொன்னதைக் கிரகாம் நம்பவில்லை. புன்னகைத்து, மாதிரிகளையும் அளவீடுகளையும் பற்றிப் பேசினார். கோணேஸ்வரி வாதாடவில்லை. கழிவுத் தகரத் துண்டொன்றை எடுத்தார், சிமிழைத் திறந்தார், மோதிர விரல், சந்தனம், குங்குமம். "லைற்றை அணையுங்கோ" என்றார், பதற்றத்தில் தமிழிலேயே. அருள்நாயகம் அணைத்தார்; புற ஊதா விளக்கு எரிந்தது.

இரண்டு வட்டங்கள். ஒரே மஞ்சள். ஒரே விரல் அளவு.

வெளிச்சம் வந்தபோது கிரகாம் குறிப்பேட்டில் 1945 என்பதைக் கோடிட்டு அடித்துக்கொண்டிருந்தார்.

"எதற்காக வைத்தீர்கள்?" என்று கேட்டார் டோரீன்.

"வேலை நல்லா முடியவேணுமெண்டு," என்பதை ஆங்கிலத்தில் சொன்னார் கோணேஸ்வரி. "எல்லாக் காருக்கும் வைப்போம்."

"விதி தெரியுமா?"

"தெரியும்."

"அப்படியென்றால் அதை அழித்துவிட்டுப் போகலாம். வார்னிஷைக் கரைத்து, கீழே உள்ள சாம்பல் கெடாமல் எடுக்க இங்கே வேறு யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் நீங்கள் தொண்டர்தான்."

"தொடக்கூடாது!" கிரகாம் கிட்டத்தட்டக் கத்தினார். "நான் அளந்துவிட்டேன், படம் எடுத்துவிட்டேன். அது இப்போது ஒரு படலம். அளந்து பதிந்த ஒரு படலத்தையும் நீக்கக்கூடாது என்று என் ஆய்வு நிபந்தனையிலேயே எழுதியிருக்கிறது."

டோரீன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பொட்டை அழிக்கும்வரை கோணேஸ்வரியை அனுப்ப முடியாது. பொட்டை அழிக்கவே முடியாது. முப்பது வருடம் உயர்பள்ளி அதிபராக இருந்தவர். தான் போட்ட முடிச்சில் தானே மாட்டியது அவருக்குப் புரிந்தது.

"இடது சக்கரம், சனி காலை எட்டு மணி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பலகையில் ஆறாவது வரி சேர்ந்தது: ஆறாவது நிறம், மஞ்சளும் சிவப்பும், மூன்று வருடங்களுக்கு முன், கோ. பாக்கியராசா.

சனிக்கிழமை காலை கோணேஸ்வரி டோரீனிடம் போய் நின்றார்.

"அனுமதி கேட்கத்தான் வந்தேன். இந்தமுறை முதலே கேட்கிறேன்."

"எதைப் பூசப் போகிறீர்கள்?"

"பூசவில்லை." பையிலிருந்து தேசிக்காய்களை, அதாவது எலுமிச்சைகளை, எடுத்தார். "சக்கரத்துக்குக் கீழே வைப்பது. விமானத்தில் ஒட்டாது."

டோரீன் அறிவித்தலை ஒருமுறை வாசித்தார். தேசிக்காய் பற்றி அதில் ஒன்றுமில்லை.

"எத்தனை?"

"மூண்டு சில்லு, மூண்டு தேசிக்காய்," என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் அருள்நாயகம். கிரகாம் அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பன்னிரண்டு பேரும் தோளைக் கொடுத்தார்கள். விமானம் ஒரு கணம் முரண்டுபிடித்து, பிறகு நகர்ந்தது. இடது சக்கரத்தடியில் தேசிக்காய் பிசுக்கென்று நசுங்கி, சாறு நேரே கோணேஸ்வரியின் காலிலிருந்த புதுச் சப்பாத்தில் அடித்தது.