கோணல் கண்ணாடியும் ஞாயிறு விடுமுறையும்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் தெரியாது. மூக்கும் காதும்தான் தெரியும். முப்பது வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர் வேறு எதைப் பார்ப்பார் என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு முன் என்னோடு தனியாகப் பேசக் கிடைத்த பத்து நிமிடத்தில் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை, "உங்க மூக்குத்தண்டு அருமையா இருக்கு, எந்த பிரேம் வெச்சாலும் வழுக்காது" என்பதுதான். நான் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

கோணலாக உட்கார்ந்திருக்கும் கண்ணாடியைக் கண்டால் அவருக்குக் கை துருதுருக்கும். ஒருமுறை வங்கி வரிசையில் முன்னால் நின்ற அந்நியரின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்னக் குறடால் ஒரு திருகு திருகித் திரும்ப மாட்டிவிட்டார். திருடன் என்று கத்த வாயைத் திறந்த அந்த ஆள், கண்ணாடி சரியாக உட்கார்ந்ததும் வாயை மூடிக்கொண்டார். நான் அடுத்த வரிசைக்குப் போய், இவர் யாரோ நான் யாரோ என்று நின்றேன்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டும் இந்த மகானுக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. வயது ஐம்பத்து மூன்று. கண்ணாடி போடுங்கள் என்றால், "எனக்கென்ன வயசாயிடுச்சா?" என்பார். கடையில் திருகாணி வேலைக்கு விளக்கு வைத்த பூதக்கண்ணாடி இருக்கிறது. சீட்டு எழுத நான் இருக்கிறேன். போனை மட்டும் கை எவ்வளவு தூரம் நீளுமோ அவ்வளவு தூரம் நீட்டிப் படம் பார்ப்பார். எழுத வேண்டியதை வாயால் சொல்வார், அது எழுதிக்கொள்ளும். மனிதருக்கு வீம்பு இருக்கலாம், இவ்வளவு ஆகாது.

எங்கள் கடைக்குக் கஷ்டகாலம் வந்தது நாலு தெரு தள்ளிப் பெரிய கண்ணாடிக் கடை திறந்த பிறகு. உள்ளே போனால் குளிரும், பாட்டு ஓடும், எல்லோரும் நீல டி-ஷர்ட் போட்டு நெஞ்சில் பெயர் அட்டை குத்தியிருப்பார்கள். அதற்கு மேனேஜர் யார் தெரியுமா? என் தங்கை புருஷன். இவருடைய சகலை. அவர் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்து, காலியாகக் கிடந்த நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சகலை, எங்க கடையில பிரேம் மாட்டிவிட ஒரு ஆள் வேணும். மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க. உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

இவர் தலையாட்டினார். அவர் போன பிறகு என்னிடம், "ஒரு நாளைக்குப் பத்து பேர்கூட வரலன்னா எதுக்கு கடை? மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். இல்லன்னா போயிடறேன்" என்றார்.

முப்பது வருடம் சொந்தக் கடையில் உட்கார்ந்தவர் நீல டி-ஷர்ட் போட்டுக்கொண்டு, நேற்று முளைத்த சகலையிடம் 'சரிங்க சார்' என்று நிற்பதா? என் தங்கை அதைத் தினமும் போனில் எனக்கு ஆறுதலாகச் சொல்வாளா? அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டுமா? கைவசம் இருந்தது இருபத்து மூன்று நாள்.

அந்த வாரமே வணிகர் சங்க மாடியில் ஒரு நாள் வகுப்பு என்று நோட்டீஸ் வந்தது. சோஷியல் மீடியாவில் சிறு கடைகளை வளர்ப்பது எப்படி. அவரைத் தரதரவென்று இழுத்துப் போனேன். கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்ட ஒரு பயிற்சியாளர் மேடையில் ஒரு இடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே பேசினார். என் கண்ணும் கழுத்தும் அவரோடு நடந்து வலி எடுத்தன. ஆனால் ஒன்றை அவர் உறுதியாகச் சொன்னார்:

"விளம்பரத்த யாரும் பாக்கமாட்டாங்க. நீங்க போயி மத்தவங்களப் பாருங்க. தினம் பத்து பேரோட போட்டோவுல கமெண்ட் போடுங்க. எல்லாரும் போடற மாதிரி 'சூப்பர்'னு போடாதீங்க. உண்மையா கவனிச்சிருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியணும்."

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்ட தினுசைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

முதலில் நான்தான் சோஷியல் மீடியாவில் கடைக்கு ஒரு பக்கம் திறந்தேன். கண் பரிசோதனை எழுத்துப் பலகையைப் படம் எடுத்துப் போட்டு, 'கடைசி வரி தெரிகிறதா?' என்று கேட்டேன். நூறு பேர் தெரிகிறது என்றார்கள். எல்லோரும் விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். என் யோசனை அத்தோடு படுத்துவிட்டது.

அவர் யோசனைதான் ஓடியது. எங்கள் வட்டாரத்து ஆட்கள் படம் போடும் பொதுப் பக்கம் ஒன்று உண்டு. தினமும் காலையில் கடையைத் திறந்து, பெருக்கி, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு அதில் இறங்குவார். கல்யாணப் படத்தின் கீழே: 'மாப்பிள்ளையின் கண்ணாடி இடப்பக்கம் மூன்று மில்லிமீட்டர் இறங்கியுள்ளது. கடைக்கு நேரில் வந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும். ஞாயிறு விடுமுறை.' பள்ளி ஆண்டு விழாப் படத்தின் கீழே: 'தலைமையாசிரியர் அணிந்திருப்பது அவர் முகத்துக்கு இரண்டு அளவு பெரியது.' தினமும் பத்து. எண்ணிப் போடுவார். ஒரு வாரத்தில் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் தலைமையாசிரியர் சண்டை போட வந்தவர். ஆனால் போகும்போது சின்ன பிரேம் வாங்கிக்கொண்டு போனார். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உலகத்தை ஜெயித்தவர் தோற்றார்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை. நான் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தங்கை போன் செய்தாள்.

"அக்கா, மாமாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாதானே கடைக்குப் போனாரு. ஏன்?"

"செத்துப்போனவருக்குக் கண்ணாடி சரி பண்ணித் தரேன்னு எழுதியிருக்காரே."

போனைத் திறந்து பார்த்தேன். கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெரியவரின் படம். மேலே இரங்கல் செய்தி, பிறந்த தேதி, இறந்த தேதி. நாற்பது வருடம் பஸ் ஓட்டியவர். கீழே எங்கள் கடைப் பெயரில்: 'ஐயா, கண்ணாடி வலப்பக்கம் இறங்கியுள்ளது. மூக்கிலும் சற்று அழுத்தும். கடைக்கு நேரில் வந்தால் கட்டணமின்றிச் சரிசெய்து தரப்படும். ஞாயிறு விடுமுறை.'

அதற்குக் கீழே ஊரே கூடியிருந்தது. 'அவர் வர்றது கொஞ்சம் கஷ்டம்ங்க' என்று ஒருவர். 'ஞாயிறு லீவா இருந்தா என்ன, அவருக்கு இனிமே எல்லா நாளும் லீவுதான்' என்று இன்னொருவர். 'ஹோம் டெலிவரி உண்டா?' என்று மூன்றாமவர்.

கடைக்கு ஓடினேன். வெங்காயக் கையோடு ஓடியதால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் பயந்துபோய், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"உங்க கஸ்டமர் செத்துட்டாரு" என்றேன்.

நான் மேலே இருந்ததைப் படித்துக் காட்ட, அவர் முகம் வெளிறியது. "கறுப்புக் கட்டம் ஏதோ டிசைன்னு நெனச்சேன்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தில் ஒரு நிமிடம் அசந்தேன். பின்பக்கம் தண்ணீர் குடிக்கப் போய் வருவதற்குள் போனிடம் மன்னிப்புச் சொல்லி முடித்துவிட்டார். அது இப்படி இருந்தது: 'மன்னிக்கவும். படத்தில் கண்ணாடியை மட்டுமே பார்த்தேன். ஐயா காலமானதைக் கவனிக்கவில்லை. குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கண்ணாடி கோணல்தான்.'

"அந்தக் கடைசி வரி எதுக்குங்க?" என்றேன்.

"அது உண்மைதானே."

தலையில் அடித்துக்கொண்டேன். முதல் கமெண்ட் ஊருக்குள் சுற்றியது என்றால் இரண்டாவது ஊரைத் தாண்டிப் போனது. மானம் கப்பலேறியது. மறுநாளிலிருந்து கடை வாசலில் கூட்டம். பத்து என்ன, அறுபது பேர் வந்தார்கள். பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று செல்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கும் கண்ணாடி வேண்டாம். சகலை குடும்ப குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டு, கீழே ஒரு கும்பிடு மட்டும் போட்டிருந்தார். அந்தக் கும்பிடுக்காக இன்னும் நான் அவரை மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இவர் சொன்னார்: "நான் சகலைகிட்ட சரின்னு சொல்லிடறேன். இனிமே இந்தக் கடைக்கு யாரு நம்பி வருவாங்க?" சத்தம் போடுவதற்கு எனக்கே தெம்பில்லை. கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். செல்பி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, பையிலிருந்து ஒரு கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"அத எழுதினது நீங்கதானா தம்பி?"

"நான்தாம்மா" என்று எழுந்து நின்றார் இவர்.

"நான் அவரோட வீட்டுக்காரி. இது அவரு கண்ணாடி. கோணலா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க."

இல்லை என்று சொல்லித் தொலையுங்கள் என்று நான் பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினேன். என்னை எங்கே பார்த்தார். கண்ணாடியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஒரு கால் மேசையில் படாமல் தூக்கி நின்றது. அதை விரலால் தட்டினார், ஆடியது.

"கோணல்தாம்மா" என்றார்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது வருஷமா நான் சொன்னேன் தம்பி. ஒங்க கண்ணாடி கோணலா இருக்கு, கடையில குடுங்கன்னு. என் கண்ணாடி நேராதான் இருக்கு, ஒன் பார்வைதான் கோணல்னுவாரு. பஸ் ஓட்டும்போது தலைய இந்தப் பக்கம் சாச்சு சாச்சு கண்ணாடிதான் ஒரு பக்கமா பழகிப்போச்சு." கண்ணாடிக் கூட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அந்தப் படத்துக்குக் கீழ முந்நூறு பேரு எழுதியிருந்தாங்க. எல்லாம் ஒரே மாதிரி. 'ஆழ்ந்த இரங்கல்', ஒரு கும்பிடு. அவரு மூஞ்சியப் பாத்து எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

இவர் பையிலிருந்து குறடை எடுத்தார்.

"நீங்க எழுதினபடி சரி பண்ணித் தரவாம்மா?"

"வேணாம். இதே பிரேம்ல என் பவருக்குக் கண்ணாடி போட்டுத் தாங்க. நான் போட்டுக்கறேன்."

அரை மணி நேரம் உட்கார வைத்து அந்த அம்மாவின் கண்ணைச் சோதித்தார் இவர். நான் சீட்டு எழுதினேன். திங்கட்கிழமை லென்ஸ் மாற்றி வந்தது. மாட்டிப் பார்த்தால் அந்த அம்மா முகத்தில் வலப்பக்கம் அப்பட்டமாக இறங்கி நின்றது. என் வீட்டுக்காரரின் கை தானாக அந்தக் கண்ணாடியை நோக்கிப் போனது. அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியே இருக்கட்டும் தம்பி."

முப்பது வருடத்தில் ஒரு கோணல் கண்ணாடியை அந்த மனிதர் வாசல் தாண்ட விட்டதில்லை. நெற்றியில் வியர்த்துவிட்டது. கடைசியில் குறடைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"என்னைய ஒரு போட்டோ எடுத்து போன்ல ஒங்க கடைப் பேருல போடுங்க. கோணல் நான் கேட்டு வாங்கினதுன்னு எழுதுங்க, இல்லன்னா ஒங்களுக்கு வேல தெரியாதும்பாங்க" என்றார் அந்த அம்மா. இவர் போனை வழக்கம்போல ஒரு கஜம் தள்ளிப் பிடித்தார். அந்த அம்மா அதையும் கவனித்துவிட்டார். "ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் போடறீங்க, நீங்க ஒண்ணு போட்டிருந்தா என் வீட்டுக்காரரு செத்தது தெரிஞ்சிருக்குமே?"

நான் பத்து வருடமாகச் சொல்லியும் கேட்காதவர், அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார். போட்டுக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். "தலையில இவ்ளோ நரையா?" என்றார். அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொண்டேன்.

அந்தப் படம் போட்ட பிறகு வந்தவர்கள் செல்பி எடுக்க வரவில்லை. அப்பா கண்ணாடியைத் தன் முகத்துக்கு மாற்றிக் கேட்டு ஒருவர், மேலே உட்கார்ந்து நசுக்கிய கண்ணாடியோடு ஒருவர், என் முகத்தையும் அப்படிக் கவனித்துச் சொல்லுங்கள் என்று ஒரு பெண். சில நாள் எட்டு, சில நாள் பதினாலு. நான் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்குப் பத்துக்குக் குறையவில்லை.

மாதக் கடைசி நாள் சகலை நேரிலேயே வந்தார். நீல டி-ஷர்ட், நெஞ்சில் அட்டை. "என்ன சகலை, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

இவர் கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார். "உக்காருங்க. மூக்குல ரெண்டு பக்கமும் தழும்பு விழுந்திருக்கு. எத்தனை நாளா?"

சகலை வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆறு மாசமா. எங்க கடையில இதெல்லாம் சரி பண்றதில்ல சகலை, புதுசா வாங்குன்னுதான் சொல்லுவாங்க."

இவர் கண்ணாடியைக் கழற்றி, சூடு காட்டி, மூன்று இடத்தில் திருகி மாட்டிவிட்டார். சகலை தலையை ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். கண்ணாடி நகரவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"எவ்ளோ சகலை?"

"கட்டணமில்ல. அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துடுங்க."

நான் போனை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். "தம்பி, அப்படியே வாசல்ல எங்க பலகைக்குக் கீழ நில்லுங்க. அட்டை தெரியட்டும். நான் ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன்.

குடும்ப குரூப்பில் அந்தப் படத்தைப் போட்டேன். கீழே என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. ஒரு கும்பிடு மட்டும் போட்டேன்.