மோட்டார் வந்த கிணறு

கீழப்பழுவூரில் முதன்முதலாகக் கிணற்றுக்குக் கரெண்டு மோட்டார் வைத்தவர் பஞ்சநாதன். ஐம்பது வயது வரை கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலை மாடுகளோடு முன்னும் பின்னுமாக நடந்த மனிதர். அந்த நடையைக் கூட்டினால் காசிக்கே போய்த் திரும்பியிருக்கலாம். வெள்ளைக்காரன் போன மறுவருஷம் ஊருக்குக் கம்பி வந்ததும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டியது. பிறகு மாடு எதற்கு? இரண்டு காளைகளையும் திருமானூர் கொளஞ்சியப்பனுக்கு விற்றார். கமலை மரத்தைப் பிடுங்கி மோட்டார் கொட்டகைக்கு உத்திரம் போட்டார்.

"மாடு பாட்டுக்கு ஒரு மூலையில நிக்கட்டுமே" என்றாள் மனைவி கமலவேணி. கேட்டால்தானே!

அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. இருந்த ஒரு கொல்லையில் கேழ்வரகு. வீட்டுக்கு அந்த வருஷக் கூழே அதுதான். கதிர் வாங்கும் சமயம் பார்த்துக் கரெண்டு நின்றது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, அதுதான் கொடுமை. லைன்மேன் நல்லுசாமியைப் பிடித்துக் கேட்டார்.

"அணையில தண்ணி விழுந்தாத்தாண்ணே கரெண்டு. மழையில்லாம அணை காஞ்சு கெடக்கு."

"மழையில்லன்னுதானே தம்பி எனக்கு மோட்டாரு வேணும்? மழை பேஞ்சா நான் எதுக்கு எறைக்கிறேன்?"

நல்லுசாமி தலையைச் சொறிந்தான். "அணுன்னு ஒண்ணு பேப்பர்ல போடுறான். கைப்பிடிச் சரக்குல டவுனுக்கே கரெண்டு எடுத்துடலாமாம். மழையும் வேணாம், காத்தும் வேணாமாம்."

"எப்ப வரும்?"

"நம்ம காலத்துல வராதுண்ணே."

கேழ்வரகோ பத்து நாள்கூடத் தாங்காது. பஞ்சநாதன் வெட்கத்தை விட்டுத் திருமானூருக்கு நடந்தார்.

"ரெண்டே நாளைக்கு மாட்டக் குடுங்க. கமலை மரத்தத் திரும்ப நட்டுக்கிறேன்."

"தப்பா நெனைக்காதீங்க" என்றார் கொளஞ்சியப்பன். "நானும் எறைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நா நின்னா எம் பயிரு போயிடும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. பஞ்சநாதன் வந்த வழியே திரும்பினார்.

பயிர் கருகிப்போனது. மாட்டுத் தீவனத்துக்காவது ஆகட்டும் என்று கமலவேணி சொல்லியனுப்ப, கொளஞ்சியப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். தாளை ஏற்றும் வரை காளைகளை அவிழ்த்துவிட்டார். அவை கொல்லைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கிணற்றுக்குப் போயின. வருஷக்கணக்காக இழுத்துத் தேய்ந்த சரிவின் தலைப்பில் ஜோடியாக நின்று, நுகத்தடிக்காகக் கழுத்தைத் தாழ்த்தின.

அங்கே நுகத்தடியும் இல்லை, கமலையும் இல்லை. தட்டிக்கொடுக்க எழுந்த கையைப் பஞ்சநாதன் இழுத்துக்கொண்டார், அடுத்தவர் மாடு.

"ஓட்டிக்கிட்டுப் போயிடுங்க" என்றவர், கிணற்றடியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.