பெரிய வியாழனன்று கழற்றிய சாக்ஸ்

முப்பது வருடம் ஜவுளிக்கடையில் நின்றே பிழைத்தவன் நான். ஒடுகத்தூர் கடையில், மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களுக்குப் பேன்ட், பாவாடை, பனியன் எல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறேன். இடுப்பைக் கவ்வுகிறது என்று யாராவது முனகினால், "போடப் போட லூஸ் ஆயிடுங்க" என்று சொல்லிக்கொண்டே மடித்துக் கவருக்குள் தள்ளிவிடுவேன். இந்தப் பாவங்களுக்கெல்லாம் மொத்தமாகச் சேர்த்துத்தான் ஆண்டவர் எனக்கு அந்த சாக்ஸைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

வலது கெண்டைக்கால் வீங்கியது. நின்று நின்று வந்த வீக்கம் என்று இரண்டு வாரம் தைலம் தேய்த்தேன். வேலூரில் ஸ்கேன் எடுத்தபோது, காலின் ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது என்றார்கள்.

"இது நகர்ந்து நுரையீரலுக்குப் போச்சுன்னா ஆபத்து. மூச்சு வாங்கினா, நெஞ்சு வலிச்சா உடனே வந்துடணும்" என்றார் டாக்டர். மாத்திரை எழுதினார். காலையில் எழுந்ததும் மாட்டி, படுக்கப் போகும்வரை கழற்றக் கூடாது என்று, வீக்கத்தை அமுக்கும் இறுக்கமான சாக்ஸும் எழுதினார். காலைத் தேய்க்கவே கூடாது என்றும் சொன்னார். தைலத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி திறந்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை, நான் மூச்சு விடுவதை நானே காவல் காப்பது. கவனிக்க ஆரம்பித்தால் எந்த மூச்சும் ஒழுங்காக வராது. வேண்டுமானால் செய்து பாருங்கள். சட்டை மடிக்கும்போதும் சோறு தின்னும்போதும், ஏன், கொட்டாவி வந்தால்கூட, கட்டி கிளம்பிவிட்டதோ என்று கை நெஞ்சுக்குப் போய்விடும். கடைக்கு வந்தவர்கள் நான் மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டார்கள்.

சாக்ஸ் தோல் நிறம். விரல் பக்கம் திறந்திருக்கும், முழங்கால் வரை ஏறும். ஏறும் என்று எழுதுவது சுலபம். தினமும் காலையில் என் மனைவி இஞ்சு டேப்பால் கெண்டையை அளந்து காலண்டரில் எழுதுவாள். பிறகு என் பாதத்தில் எங்கள் கடைக் கவர் ஒன்றை மாட்டி, பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்து சாக்ஸை இழுத்து ஏற்றுவாள். கடைசியில் விரல் வழியாகக் கவரை உருவி எடுப்பாள். வாங்கிய அன்றே நான் மருந்துக் கடையில் கேட்டேன், "இது போடப் போட லூஸ் ஆகுங்களா?" என்று.

"லூஸ் ஆனா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணுங்க" என்றான் கடைக்காரன். தொழில் தெரியாதவன்.

இந்த லட்சணத்தில் பெரிய வியாழன் வந்தது. அன்று சாயங்காலப் பூசையில், கடைசி இராவுணவில் இயேசு செய்ததுபோல, சீடர்களாக உட்காரும் பன்னிரண்டு பேருடைய பாதத்தை ஃபாதர் கழுவி முத்தமிடுவார். கோயிலில் ஜெபம் சொல்லிப் பாட்டு நடத்தும் உபதேசியார் என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, சீடருங்கள்ல ஒர்த்தர் கொறையறாரு. நீங்க வந்து குந்துங்க."

"இன்னா, யூதாஸ் எடமா?"

"அதுக்குப் போட்டி ஜாஸ்திண்ணே. சும்மா வாங்க. வலது கால மட்டும் நீட்டுனா போதும்."

வலது கால். அங்கேயே மறுத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் நான் பட்டப்பெயர் வைக்காத ஆள் இல்லை. தொந்திக்கு ஒன்று, வழுக்கைக்கு ஒன்று, உபதேசியாரின் தொண்டைக்கு ஒன்று. பொம்பளை சாக்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தால், மொத்த ஊரும் சேர்ந்து எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடும்.

"ஃபாதராண்ட சொல்லிடுங்க. எடது காலக் கழுவட்டும்" என்றாள் மனைவி.

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. பூசை தொடங்குமுன், ஃபாதர் உடுப்பு மாற்றும் அறைக்குப் பின்னால் போய் சாக்ஸை உரித்து, ஜிப்பா பையில் சுருட்டி வைத்தேன். கொஞ்ச நேரம்தானே என்று நினைப்பு.

ஃபாதரின் பிரசங்கம் நீளம். அன்று தாழ்ச்சியைப் பற்றி வேறு. பெஞ்சில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் கால் கனத்தது. பிறகு தோல் இழுத்துப் பிடித்தது. குனிந்து பார்த்தேன். சாக்ஸ் பதிந்த கோடுகள் மறைந்து, மலையிலிருந்து இறக்கிய பலாப்பழம் மாதிரி கால் பருத்திருந்தது. கெண்டைக்குள் ஒரு வலி மெதுவாகக் கண் விழித்தது.

கட்டி கிளம்பிவிட்டது. கெண்டையிலிருந்து நெஞ்சுக்கு எவ்வளவு தூரம்? அளந்தே பழகிய புத்தி அளந்தது: ஒரு ரவிக்கைத் துண்டு நீளம், அவ்வளவுதான். எழுந்து நடந்தால் நகருமா, உட்கார்ந்திருந்தால் நகருமா, தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இழுத்தால் அதுவும் கூடவே வந்துவிடும்போல இருந்தது. இதைப் பற்றி ஒரு கிண்டல் பேச்சு யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட வரவில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஃபாதர் என் முன்னால் முட்டி போட்டார். தண்ணீர் ஊற்றித் துண்டால் துடைத்தார். அவருடைய கட்டைவிரல் பட்ட இடத்தில் குழி விழுந்து, நிரம்பாமல் அப்படியே நின்றது. குனிந்தவர் குழியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க இது?" என்றார் மெதுவாக.

"ரத்தக்கட்டி சாமி. சாக்ஸு பையில இருக்குது."

அவர் முத்தமிட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார். அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து வந்துவிட்டாள். ஊர் பார்க்க என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனாள்.

"பன்னெண்டுல ஒண்ணு பாதியில எந்திரிச்சுப் போவுதுபா. யூதாஸ் யாருன்னு தெரிஞ்சிபோச்சு" என்று பின்னால் ஒரு குரல். நான் வைத்த பட்டப்பெயரைச் சுமக்கிறவர்களில் ஒருவர்தான்.

அறையில் என்னைப் படுக்கவைத்து, பாட்டுப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்தாள். என் பையில் எப்போதும் கிடக்கும் இஞ்சு டேப்பை எடுத்து அளந்தாள்.

"எவ்ளோ?"

அவள் இன்னொரு முறை அளந்தாள்.

"எவ்ளோன்னு சொல்லு."

"காலையில இருந்த அளவுதாங்க."

அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன். கவுண்டருக்குப் பின்னால் முப்பது வருடம் நின்ற முகம் இல்லை அது. நம்பினேன். மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

உபதேசியார் ஆட்டோ கொண்டுவந்தார். வேலூர் வரை என் கால் அவள் மடியில் இருந்தது. அங்கே மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக ஒன்றும் இல்லை, பழைய கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றார்கள். எவ்வளவு நேரம் சாக்ஸ் இல்லாமல் இருந்தேன் என்று டாக்டர் கேட்டார்.

"பிரசங்கம் முழுக்க" என்றாள் மனைவி.

மறுநாள் காலை, திரும்பும் பஸ்ஸில் மலை தெரியத் தொடங்கியபோது கேட்டேன். "நேத்து டேப்புல நெசமாவே எவ்ளோ இருந்துது?"

"முக்கால் இஞ்சு ஏறி இருந்துது."

"பின்ன ஏன் பொய் சொன்னே?"

"நீங்க மூச்சே வுடலைங்க" என்றாள். "வுடட்டும்னுதான் சொன்னேன்."