விர்பி தனக்குத் தானே போட்ட மூன்று

விர்பி கெர்கெலாவின் பணி அட்டையில் முதல் வரியை எழுதியவன் நான். 1995 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, நகராட்சிப் பள்ளிச் சமையலறை, உதவியாளர், வயது இருபத்து மூன்று. கிழக்குப் பின்லாந்தில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் சிறிய ஊரின் நகராட்சியில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாளர் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவன் என்பதால், அவளைப் பற்றிச் சொல்வதில் தேதி பிசகாது. மற்றவை பிசகலாம். அவற்றில் ஒன்று என்னால் பிசகியது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவள் அட்டையில் மொத்தம் ஏழு வரிகள். 2001இல் சிறப்பு உணவுப் பிரிவுக்கு மாற்றம். 2006இல் உணவுக் கட்டுப்பாட்டுச் சமையலில் தொழிற்சான்று. 2009இல் ஒரு பிழை அறிக்கை. மற்றவை விடுப்புகள். அந்த ஏழு வரிகளில் அடங்காதவை நிறைய. நானூற்று எண்பது பிள்ளைகள் சாப்பிடும் பள்ளி அது. அவர்களில் அறுபத்தொரு பேருக்குத் தனிச் சமையல். கோதுமை ஆகாதவர்கள், பால் ஆகாதவர்கள், இரண்டும் ஆகாதவர்கள். ஒரே வகுப்பில் ஆலிசா என்ற பெயரில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஒருத்திக்குக் கோதுமை ஆகாது, இன்னொருத்திக்குப் பால். விர்பி கோதுமை ஆகாதவர்களின் பாத்திர மூடிகளைக் கைப்பிடி இடப்பக்கம் வருமாறும், பால் ஆகாதவர்களுடையதை வலப்பக்கம் வருமாறும் வைப்பாள். நீராவியில் பெயர்ச்சீட்டு உரிந்து விழுந்தாலும் எந்தப் பாத்திரம் யாருக்கு என்பது குழம்பாது. இந்த ஏற்பாட்டை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளும் யாரிடமும் பெரிதாகச் சொன்னதில்லை.

எங்கள் குடியிருப்பில் அவள் இரண்டாம் மாடி, நான் முதல் மாடி. சனிக்கிழமைகளில் எல்லாருக்கும் பொதுவான சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், அவள் முறை ஐந்து மணிக்கு, என் முறை ஆறு மணிக்கு. பதினெட்டு ஆண்டுகளாக அந்த வாசலில் ஈரத் தலையோடு இரண்டு வார்த்தை பேசுவோம்.

2024 ஜனவரியில் நகராட்சி எல்லாச் சமையல், துப்புரவுப் பணியாளர்களுக்கும் கணினியில் ஒரு திறன் ஏடு திறந்தது. படிப்பு, அனுபவம், தெரிந்த வேலை எல்லாவற்றையும் அவரவரே பதிய வேண்டும். நாற்பத்தொரு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரு எண். கடைசி நாள் பிப்ரவரி 16. சமையலறைகளை ஒன்றாக இணைக்கப் போகிறார்கள், யாரை எங்கே போடுவது என்பதை இந்த ஏட்டை வைத்துத்தான் முடிவு செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். விர்பிக்கு வேண்டியதெல்லாம் தன் சிறப்பு உணவுப் பிரிவில் தொடர்ந்து இருப்பது மட்டும்தான்.

பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு மடிக்கணினியோடு என் வீட்டுக்கு வந்தாள். கூடவே அவளுடைய சமையலறைத் தோழி ஹில்காவும் வந்தாள். ஓய்வுபெற நான்கு மாதமே இருந்த அவளுக்கு இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. காபி ஊற்றினேன்.

"ரெய்னோ, நீங்க ஆயுசு பூரா மத்தவங்களப் பத்தி எழுதினவரு. எனக்கு என்ன போடணும்னு சொல்லுங்க" என்றாள் விர்பி.

"ஹில்கா என்ன போட்டா?"

"எல்லாத்துலயும் ரெண்டு" என்றாள் ஹில்கா. "பாத்திரம் கழுவுறதுல மட்டும் மூணு. அதுக்கே கை கூசிச்சு."

"முப்பத்தோரு வருஷம் சமைச்சிருக்க, ரெண்டாடி போடுவ?" என்றாள் விர்பி.

"ஆமா, எனக்கு நானே அஞ்சு போட்டுக்கிட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கடைக்குப் போறது? 'இதோ வந்துட்டாங்க அஞ்சு'ன்னு கல்லாவுல சிரிப்பாங்க."

விர்பி சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதினேழாம் கட்டத்தின் கீழே சிறிய எழுத்தில் இருந்த விளக்கங்களைப் படித்தேன். சிறப்பு உணவுத் தயாரிப்புக்கான கட்டம் அதுதான். மூன்று என்றால் தனியாக வேலை செய்யக்கூடியவர். நான்கு என்றால் பிழையின்றிச் செய்பவர், பிறருக்கு வழிகாட்டுபவர். ஐந்து என்றால் எல்லா நிலைமைகளிலும் முழுத் தேர்ச்சி பெற்றவர்.

"எல்லா நிலைமைகளிலும்னு இருக்கு" என்றேன். "அப்படி ஒருத்தர் இருக்க முடியாது."

"சரி, அப்ப நாலு?"

"பிழையின்றின்னு இருக்கே."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "2009" என்றாள்.

"நவம்பர் 12" என்றேன்.

அது ஒரு வியாழக்கிழமை. பட்டாணி சூப்பும் அப்பமும். சாதாரணக் கோதுமை அப்பத்தைத் திருப்பிய கரண்டியாலேயே, கோதுமை ஆகாத ஒரு பையனின் அப்பத்தையும் எடுத்து வைத்துவிட்டாள். மூன்று நிமிடத்தில் அவளே கண்டுபிடித்தாள். ஓடிப்போய்ப் பார்த்தால் பையன் பாதி தின்றிருந்தான். ஆசிரியரிடம் சொல்லி, தாயைத் தொலைபேசியில் அழைத்து, மாலையில் தானே அறிக்கையும் எழுதினாள். பையனுக்கு அன்று வயிற்றுவலி, மறுநாள் பள்ளிக்கு வந்துவிட்டான். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அறிக்கையின் நகலை அட்டையோடு கோத்தவன் நான்தான்.

"அப்ப மூணுதான்" என்றாள்.

"மூணுதான் சரி" என்றேன் நான்.

மற்றக் கட்டங்களையும் அதே அளவுகோலில் நிரப்பினோம். ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் "பூட்டு" என்ற பொத்தான் வந்தது. பூட்டினால் அடுத்த ஆண்டுவரை திருத்த முடியாது என்று அதன் கீழே எழுதியிருந்தது. நான் ஒருமுறை சரிபார்த்தேன். அவள் அழுத்தினாள். எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு எண்கூட மிகையில்லை.

ஏப்ரல் 8ஆம் தேதி முடிவு வந்தது. சிறப்பு உணவுப் பிரிவுக்குக் குறைந்தபட்ச நிலை நான்கு. அங்கே சினி என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் நியமிக்கப்பட்டிருந்தாள். விர்பிக்கு ஆகஸ்டிலிருந்து இருபத்தேழு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமப் பள்ளி. அங்கே அடுப்பே கிடையாது. மையச் சமையலறையிலிருந்து பெட்டியில் வரும் உணவைச் சூடாக்கிப் பரிமாறிக் கழுவ வேண்டும். வாரத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம்.

உணவுச் சேவைத் தலைவி காத்ரி இல்மோனனைப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். காத்ரிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவள் மேசை மேல் ஒரு தாளும் இல்லை, திரை மட்டும்தான்.

"விர்பி, எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இதுல இருக்கிறது நீங்களே எழுதினது. நாங்க யாரும் ஒரு எண்ணையும் மாத்தல."

"சினிக்கு எத்தனை வருஷ அனுபவம்?"

"மூணு. ஆனா அவங்க எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிருக்காங்க. தொழிற்பள்ளியில முதல் நாள்லருந்தே அப்படித்தான் பழக்குறாங்க. செஞ்சது ஒவ்வொண்ணுக்கும் போட்டோ, நாப்பத்தாறு போட்டோ. வழிகாட்டினதுக்குச் சான்று. நாலு, அஞ்சுன்னுதான் போட்டிருக்காங்க. பொய் இல்ல, அவங்க நல்லா செய்றவங்க."

"நான் எப்படிச் செய்வேன்னு உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும். நானும் அந்தப் பள்ளியில சாப்பிட்டு வளர்ந்தவதான். ஆனா எனக்குத் தெரிஞ்சத வச்சு முடிவெடுத்தா, அதுக்குப் பேரு வேண்டியவங்களுக்குச் செய்றது. அதத் தடுக்கத்தானே இந்த ஏடு."

விர்பி தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு என்னைக் குத்தியது. காத்ரியின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையே நியாயம் என்றுதான் சொல்லியிருப்பேன். முப்பத்தாறு ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினான்கு நாளில் விளக்கம் எழுதித் தரலாம் என்றாள் காத்ரி. பள்ளியின் பழைய உணவுப் பட்டியல்களை வாங்கி வந்து ஒன்பது நாள் உட்கார்ந்தேன். இருபத்து மூன்று ஆண்டுகளில் அவள் வேலை செய்த நாட்கள் 4,161. அவள் கையால் போன தனிச் சாப்பாடுகள் ஏறத்தாழ இரண்டு லட்சத்து இருபதாயிரம். மூடிகளின் கைப்பிடி ஏற்பாட்டைப் படம் வரைந்து விளக்கினேன். அவளிடம் வேலை பழகவந்த பதினொரு பேரின் பெயர்களையும் சேர்த்தேன். மொத்தம் மூன்று பக்கம். விளக்கத்தை ஏற்றும் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருந்தது: பிழைகள், விருப்பமானால் நிரப்பலாம்.

"இத விட்டுடலாம்" என்றேன்.

விர்பி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா சொல்றீங்க?"

"விருப்பமானான்னுதான் போட்டிருக்கு. கட்டாயம் இல்ல."

"மூணு பக்கம் என்னைப் பத்திப் பெருமையா எழுதியிருக்கீங்க. இந்த ஒரு வரி இல்லாட்டி, படிச்சா எனக்கே நம்பிக்கை வராது."

"விர்பி, உனக்கு இருக்கிறது இந்த ஒரு வேலைதான்."

"அந்தப் பையனுக்கும் அன்னைக்கு வயிறு ஒண்ணுதான் இருந்துச்சு" என்றாள். தேதியோடு அவளே தட்டினாள். தேதி சரியாக இருந்தது.

மே மாதம் பதில் வந்தது, ஒரே வரி. பூட்டிய எண்களை ஆண்டிடையில் மாற்ற இயலாது, விளக்கம் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. அவள் ஏட்டைத் திறந்து பார்த்தோம். மூன்று பக்கங்களும் எங்கோ அடியில், ஒரு காகிதக் கவ்வியின் படத்துக்குப் பின்னால் இருந்தன. பிழைக்கென்று அந்த நிரலில் தனி இடம் இருந்ததால் அது மட்டும் முதல் பக்கத்தில், அவள் பெயருக்குக் கீழே, சிவப்பில் வந்து நின்றது. இருபத்து மூன்று ஆண்டு உழைப்பிலிருந்து அந்த ஏடு எடுத்துக்கொண்டது அந்த ஒரு அப்பத்தைத்தான்.

அன்று அவள் காபியை முடிக்காமல் எழுந்து போனாள். மூன்று சனிக்கிழமைகள் சவுனா வாசலில் நான் அவளைப் பார்க்கவில்லை. முறையை மாற்றிக்கொண்டிருந்தாள். சவுனா முறை எழுதிய பலகையில் அவள் பெயர் ஐந்து மணியிலிருந்து எட்டு மணிக்குப் போயிருந்தது. என்மேல் கோபமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. ஜூன் மாதம் அவளே கதவைத் தட்டி, புளிப்பான ருபார்ப் தண்டுகள் ஒரு கட்டு கொடுத்துவிட்டு, "எட்டு மணிக்கு சவுனா ஆறிப்போயிடுது" என்றாள். மறுவாரம் மீண்டும் ஐந்து மணிக்கு வந்துவிட்டாள். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

ஆகஸ்டிலிருந்து அவளுக்குக் காலை ஏழு மணி ஐந்து நிமிடப் பேருந்து. செப்டம்பரில் ஒருநாள் பல் மருத்துவரைப் பார்க்க நானும் அதே பேருந்தில் போனேன். ஏறிய இரண்டாவது நிறுத்தத்திலேயே அவள் தொலைபேசி அடித்தது. எதிர்முனையில் பேசிய சினியின் குரல் எனக்கும் கேட்டது.

"விர்பி, தொந்தரவுக்கு மன்னிச்சிக்கோங்க. மறுபடியும் நான்தான். ரெண்டு ஆலிசாவும் இன்னைக்கு வராங்க. சீட்டு நனைஞ்சிடுச்சு. கைப்பிடி எது எந்தப் பக்கம்னு…"

"கோதுமை ஆகாததுக்குக் கைப்பிடி இடப்பக்கம். பால் ஆகாததுக்கு வலப்பக்கம். மூடுறதுக்கு முன்னாடி வாயால ஒருதரம் சொல்லிக்கோம்மா."

"இத எங்கயாவது எழுதி வச்சிருக்கீங்களா?"

"ஒருத்தர் படம் போட்டு எழுதியிருக்காரு. எங்க இருக்குன்னு கேட்டா காத்ரிக்கே தெரியாது."

சினி சிரித்தாள். நல்ல சிரிப்பு, கள்ளமில்லாதது. "நீங்க இல்லாட்டி நான் செத்தேன்" என்றாள்.

தொலைபேசியைப் பைக்குள் போட்ட விர்பியிடம், "தினமும் கூப்பிடுறாளா?" என்று கேட்டேன்.

"வாரத்துல மூணு நாள்."

"பிறருக்கு வழிகாட்டுதல். அது நாலாம் நிலை. குறிச்சு வை."

"போனை எடுத்துப் பேசுறதுக்கெல்லாம் நிலையா?" என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "அங்க நாப்பத்தெட்டுப் பசங்க, ரெய்னோ. அதுல ஒருத்தனுக்கு மட்டும் பால் ஆகாது. அவன் சாப்பாடும் பெட்டியிலயே ஒட்டிக் கட்டி வந்துடுது. நான் கத்தரிக்கோலால பிரிக்கிறேன்" என்றாள்.

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஏடு மறுபடி திறந்திருந்தது. அவள் மடிக்கணினியோடு வந்தாள். ஹில்கா இந்த முறை வரவில்லை. ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். சினியின் பதவி நிரந்தரமாகிவிட்டது, இப்போது எந்த எண்ணைப் போட்டாலும் அந்தச் சமையலறை திரும்பி வராது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். சிவப்பு வரி அப்படியே இருந்தது. அழிக்க வழியில்லை.

பதினேழாம் கட்டத்தில் அவள் விரல் நின்றது. "என்ன போடட்டும்?"

நான் கண்ணாடியை மாட்டவில்லை. கீழே இருந்த சிறிய எழுத்தைப் படிக்கவும் இல்லை.

"அஞ்சு" என்றேன்.

"எழுபத்தெட்டு வயசுல பொய் சொல்லக் கத்துக்கிட்டீங்க" என்றாள். பிறகு நான்கை அழுத்தினாள். அழுத்திய விரலை, சூடான பாத்திரத்தைத் தொட்டுவிட்டவள் போல, மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டட்டுமா?" என்றாள்.

"சரிபார்க்க வேண்டாமா?" என்று அவளே கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் பூட்டினாள்.