அண்டாமேல் உட்கார்ந்த சங்கமித்ரா

சங்கமித்ராவின் பெயரைச் சுருக்கியவர்கள் யாரும் உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் "மித்ரா" என்று கூப்பிட்டுப் பார்த்தாராம். சீக்கிரமே அவரைச் சிக்கபள்ளாப்பூருக்கு மாற்றிவிட்டார்கள். தெருப் பையன்கள் "சங்கு, சங்கு" என்று ஊதினார்களாம். அவர்களில் பெரியவனுக்கு இன்றுவரை முன்பல் கிடையாது. இதில் பல் மட்டும் நான் கட்டிய கதை. மற்றதெல்லாம் அவளே சொன்னது.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஒரு சந்துக்குள் அவள் வீடு. தாத்தா காலத்தில் கோலார் தங்கவயலில் புத்தரை ஏற்றுக்கொண்ட குடும்பம். சுரங்கத்தில் கொடி பிடித்த அப்பா, யாரைப் பார்த்தும் குனியாதே என்று மகளுக்குச் சொல்லி வளர்த்துவிட்டு, குனிந்து குனிந்தே முதுகு கூனிச் செத்துப்போனார். அதனாலோ என்னவோ, எங்கள் யாத்திரைக் கூட்டத்து ஆண்களை அவள் "சார்" என்பாளே தவிர "சாமி" என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. "சாமியையே சாமின்னு கூப்பிட்றதை நாங்க விட்டுட்டோம், உங்களையா கூப்பிடப் போறேன்?" என்று என்னிடமே ஒருமுறை கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் கணவர் சீனிவாசராகவன் மட்டும் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அவளுக்கு வேலை பத்ரிநாத்திடம். மல்லேஸ்வரத்தில் வேன் வைத்து யாத்திரை நடத்தும் ஆசாமி. காலையில் கோயில், மத்தியானம் காடு, இரவுக்குள் வீடு என்று ஒரே நாளில் புண்ணியத்தையும் புலியையும் கட்டிக்கொடுப்பது அவனுடைய சாமர்த்தியம். எங்கள் மனுஷர்கள் வெளியே வாங்கிச் சாப்பிடமாட்டார்கள். அதனால் விடியற்காலையில் சமையல்காரர் செய்து கொடுத்த புளியோதரையும் தயிர்ச்சாதமும் பித்தளை அண்டாக்களில் எங்களோடு கூடவே வரும். அண்டாக்களோடு சங்கமித்ராவும் வருவாள். சோறு இருக்கும்வரை பாத்திரம் எங்களுடையது, காலியானதும் அவளுடையது. இந்த எல்லையை யாரும் எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் வேனில் ஏறுகிற எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். பரிமாறுவது பத்ரிநாத். தேய்ப்பது அவள்.

அந்த வேலையை அவள் லேசில் விடுகிறவள் இல்லை. கணவனின் ஆட்டோ ஓடும் நாளைவிட ஒர்க் ஷாப்பில் நிற்கும் நாள் அதிகம். பெண் ஸ்னேஹா கல்லூரிக்குப் போகிறாள். மாதத்தில் நாலைந்து யாத்திரை இருந்தால் அடுப்பு எரியும், இல்லாவிட்டால் புகையும்.

நான் சொல்லப்போவது தொண்ணூற்றேழு கோடையில் நடந்தது. அதற்கு முன்னால் அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம். பந்திப்பூர் ஒரு காலத்தில் மைசூர் ராஜாக்களின் வேட்டைக் காடு. என் மாமனாரின் தகப்பனார் அரண்மனை உத்தியோகத்தில் இருந்தவர், வேட்டைப் பரிவாரத்துக்குக் கூடாரம் போட்டவர். ஒரு புலி அவருடைய தலைப்பாகையைக் கவ்விக்கொண்டு ஓடியதாகவும், ஜரிகை பல்லில் சிக்கிக்கொள்ளவே சங்கடப்பட்டு அதுவே திரும்பக் கொண்டுவந்து வைத்ததாகவும் எங்கள் வீட்டில் சொல்வார்கள். நம்புகிறவர்கள் நம்பலாம். ராஜா போன பிறகும் துப்பாக்கி போகவில்லை. பர்மிட் வாங்கிக்கொண்டு சுட்டார்கள், வாங்காமலும் சுட்டார்கள். எழுபத்திரண்டில் சட்டம் வந்தது. மறுவருஷம் புலித் திட்டம் வந்தது. அதில் முதன்முதலாகச் சேர்த்த காடுகளில் இதுவும் ஒன்று. மரம் வெட்டாதே என்றார்கள், மாடு மேய்க்காதே என்றார்கள். கோடையில் தீ தாவாமல் இருக்கக் காவலர்கள் வெயிலில் நின்று சருகைச் சீவி வரிவரியாகத் தரையை வெறுமையாக்கி வைத்தார்கள். மெல்ல மெல்லப் புலி பெருகியது. புலி பெருகியதும் எங்களைப் போன்றவர்களின் வேனும் பெருகியது. துப்பாக்கியை நிறுத்தியாயிற்று, புளியோதரைப் பொட்டலத்தை யார் நிறுத்துவது?

ஏனென்றால் பத்ரிநாத்தின் யாத்திரையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஹிமவத் கோபாலசுவாமி மலையில் தரிசனம். பிறகு கீழே இறங்கி, ஊட்டி போகிற நெடுஞ்சாலையில் காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் வேனை நிறுத்துவான். அங்கே புள்ளிமான்கள் மேயும். "கோபாலனைச் சேவிச்சேளோன்னோ, இதெல்லாம் அவனோட பசுக்கள் மாதிரி, ஆளுக்கு ஒரு கை போடுங்கோ" என்பான். எல்லோரும் வேனிலேயே சாப்பிட்டுக்கொண்டு சன்னல் வழியாகச் சோறு போடுவார்கள். மான்கள் நாய்க்குட்டிகள்போல வேனைச் சுற்றி நிற்கும். நிறுத்தாதே, இறங்காதே, உணவு தராதே என்று பக்கத்திலேயே பலகை. அதன் நிழலில்தான் வேன் நிற்கும்.

முந்தின வருஷம் ஒரு குட்டிமான் எங்கள் வேன் கிளம்பிய பிறகும் சாலையிலேயே நின்றது. அடுத்த வண்டியிலும் சோறு வருமென்று நினைத்ததோ என்னவோ. அடுத்து வந்தது மூங்கில் லாரி. எங்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிப் பேர் பார்த்துவிட்டு "ராமா, ராமா" என்றோம். வேனை நிறுத்தச் சொல்லிப் பின்சீட்டிலிருந்து இறங்கி ஓடியவள் சங்கமித்ரா. தார்ச்சாலையிலிருந்து அதைத் தூக்கி ஓரத்தில் கிடத்தினாள். சைக்கிளில் வந்த வனக்காவலர் கோவிந்தப்பா மானையும் பார்த்தார், அதன் வாயோரம் ஒட்டியிருந்த மஞ்சள் பருக்கையையும் பார்த்தார். "அன்ன ஹாகி கொந்த்பிட்ரல்லம்மா" என்றார். சோறு போட்டே கொன்றுவிட்டீர்களே அம்மா. திட்டவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் அவள் மறந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் மலையிலிருந்து இறங்கி ஹங்களா கிராமம் வந்ததுமே அவள் பின்சீட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"சார், இங்கயே நிறுத்துங்க. அரசமரம் இருக்குது, குழாய் இருக்குது. இங்க சாப்பிட்டு அப்புறமா காட்டுக்குப் போலாம்."

"மான் இல்லாத எடத்துல சாப்பிட யாரு பணம் கட்டி வருவா?" என்றான் பத்ரிநாத். "நீ பாத்திரத்தைப் பாரு."

"பாத்திரத்தைத்தான் சார் பாக்கறேன்."

டிரைவர் ராஜேந்திரன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஆனால் ஓட்டினான்.

அன்றைக்கு வேனில் இன்னொரு விசேஷமும் இருந்தது. பத்ரிநாத்தின் அக்கா ராதா மாமி. அவளுடைய பேரன் ப்ரஹ்லாத் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்க விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தான். கிடைத்தால் கோபாலன் காட்டு மானுக்கெல்லாம் புளியோதரை போடுகிறேன் என்று மாமி வேண்டிக்கொண்டாள். விசா கிடைத்துவிட்டது. எனவே அண்டா வழக்கத்தைவிடப் பெரிது. இரண்டு ஆள் பிடித்துத்தான் ஏற்றினார்கள். மாமி பட்டுப்புடவையில் முதல் வரிசையில், கையில் வெள்ளிக் கரண்டியோடு தயாராக இருந்தாள்.

வெட்டவெளி வந்தது. வேன் நின்றது. மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்தன, ஓடவில்லை. எங்களை நோக்கி வரத் தொடங்கின.

பத்ரிநாத் எழுந்து பின்பக்கம் போனான். அவன் போய்ச் சேர்வதற்குள் சங்கமித்ரா அண்டாவின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சம்மணம் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு.

சோறு நிறைந்த அண்டாவின்மேல்! எஞ்சினே ஒரு கணம் மூச்சு விட மறந்தது என்று நான் சொன்னால் நீங்கள் நம்பியே ஆக வேண்டும்.

"எழுந்திரு," என்றான் பத்ரிநாத்.

"மாட்டேன்."

"ஏம்மா, விளையாடறியா? எழுந்திருன்னா எழுந்திரு!"

"போன வருசம் நீங்க வேன்ல உக்காந்துனு இருந்தீங்க சார். நான்தான் தூக்கனேன். இன்னும் உசுரு இருந்துச்சு அதுக்கு. என் கையிலதான் போச்சு. இந்த வருசம் ஒரு பருக்க வெளிய போவாது."

"உன் வேலை போயிடும், ஜாக்கிரதை!"

"போவட்டும்."

"இன்னியோட தீந்தது உன் வேலை! கேட்டுதா? இங்கயே இறங்கிப் போ!"

அவள் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள். "இறங்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்காங்களே சார். நீங்க படிச்சவரு, படிங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் இல்லை என்று என் கணவரிடம் சத்தியம் செய்தேன்.

ராதா மாமி எழுந்து வந்தாள். கரண்டி இன்னும் கையில். "இந்தா பொண்ணே, இது வேண்டுதல். விசா ஸ்டாம்ப் ஆயாச்சு. செய்யலைன்னா தெய்வக் குத்தம்."

"விசா உங்க பேரனுக்கு மேடம், சாவு மானுக்கா?"

மாமியை ஒருத்தி எதிர்த்துக் கேட்டுவிட்டாள். இது எங்கள் வட்டாரத்தில் சூரிய கிரகணத்தைவிட அபூர்வம். அவள் அண்டாவைப் பார்த்தாள், அதன்மேல் இருந்தவளைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "பத்ரி," என்றாள், "இனிமே இவ எழுந்தா என்ன, எழுந்திருக்காட்டா என்ன? இவ உக்காந்த பாத்திரத்துலேர்ந்து எடுத்து நான் பகவானோட மானுக்குப் போடுவேனா? அனாசாரம்! அதை ஒருத்தரும் தொடப்படாது!"

சங்கமித்ராவுக்கு இது வலித்ததா என்றால், வலித்தது. ஆனால் குரல் அசையவில்லை.

"தொடாதீங்க மேடம். அதுக்குத்தான் உக்காந்தேன். ராஜேந்திரன் அண்ணே, வண்டிய எடுங்க."

ராஜேந்திரன் பத்ரிநாத்தைக் கேட்கவில்லை. ஹாரனை அழுத்தி அழுத்தி மான்களைச் சாலையைவிட்டு விரட்டினான். வேனைத் திருப்பி நேராக ஹங்களா அரசமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, எஞ்சின் சூடு என்று ஒரு சாக்கும் சொன்னான்.

மரத்தடியில் ஒரு விசித்திரக் காட்சி. நடுவில் அண்டா. சுற்றிப் பசித்த ஜனம். நல்லெண்ணெயும் பெருங்காயமுமாக வாசனை ஊரைத் தூக்குகிறது. யாரும் கிட்டே போகவில்லை. அனாசாரம் ஒருபக்கம் இழுக்கிறது, வயிறு ஒருபக்கம். கோபாலனே வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய நிலைமை.

கடைசியில் என் கணவர் இலையை எடுத்துக்கொண்டு நடந்தார். "நேக்கு சுகர்," என்றார் பொதுவாக. "சாஸ்திரம் பாத்தா மயக்கம் வரும். மூடிமேலதானே உக்காந்தா, சாதத்துமேலயா?"

அவ்வளவுதான். அதன் பிறகு எல்லோருக்கும் சுகர் வந்துவிட்டது. பெங்களூரில் அவ்வளவு வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மானுக்கென்று செய்த பங்கையும் சேர்த்து மனிதர்களே தின்று தீர்த்தோம். ராதா மாமி மட்டும் வாழைப்பழத்தோடு வேனுக்குள் உட்கார்ந்து உபவாசம் காத்தாள். அண்டா காலியானது.

"தேச்சு ஏத்திடு," என்றான் பத்ரிநாத், பழக்கதோஷத்தில்.

சங்கமித்ரா குழாயடியில் கையைத்தான் கழுவிக்கொண்டாள். "இன்னியோட தீந்ததுன்னீங்களே சார். தீந்துடுச்சு," என்று வேன் படியில் காலை வைத்தாள்.

"அப்போ வேன்ல எதுக்கு ஏறே?"

"பாசஞ்சரா ஏறறேன். பெங்களூரு வரைக்கும் கொண்டுபோய் வுட வேண்டியது உங்க பொறுப்பு. காட்டு பஸ்ஸுக்கு நானே டிக்கெட் எடுத்துக்கறேன். எத்தன தபா வந்திருக்கேன், நீங்கல்லாம் உள்ள போயி புலி பாப்பீங்க, நான் வெளிய அண்டா தேச்சிட்டு இருப்பேன். இன்னிக்கு நானும் பாக்கறேன்."

எடுத்தாள். பந்திப்பூரில் வனத்துறையின் பஸ் ஏறும்போது, எப்போதும் பத்ரிநாத் உட்காரும் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் நின்று பார்த்தான். "நகருங்க சார், மறைக்குது," என்றாள்.

பஸ் மண்பாதையில் உள்ளே போயிற்று. ஒரு திருப்பத்தில் மான் கூட்டம். வெட்டவெளியில் வேனைச் சுற்றி நின்றவை போலில்லை இவை. பஸ்ஸின் சத்தம் கேட்டதும் காதை விறைத்தன. ஒன்று குரைப்பதுபோல் கத்தியது. அடுத்த கணம் வெள்ளை வால்கள் மட்டும் தெரிந்தன, அப்புறம் அதுவும் இல்லை.

"பயப்படுது," என்றாள் சங்கமித்ரா. அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "நல்லா பயப்படுது. அப்படித்தான் இருக்கணும்."

புலி? வந்தது என்பான் பத்ரிநாத். மீசையைக்கூடப் பார்த்தேன் என்பார் என் கணவர். நானோ அது எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டதாகப் பேத்தி நிருபமாவிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் மூங்கில் புதர் ஒன்று அசைந்தது, அவ்வளவே.

"நீ பாத்தியா?" என்று சங்கமித்ராவைக் கேட்டேன்.

"இல்லம்மா. இருக்கட்டும். நான் வந்துட்டுப் போனது அதுக்குத் தெரிஞ்சா போதும்."

திரும்பும் வழியில் குண்டலுப்பேட்டையில் காப்பிக்கு நிறுத்தினோம். ஓட்டலின் பின்பக்கக் குழாயடியில் பத்ரிநாத் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவோடு மல்லாடிக்கொண்டிருந்தான். விடிந்தால் அண்டாக்கள் சமையல்காரருக்குத் திரும்பிப் போக வேண்டும். புளிக்காய்ச்சல் காய்ந்து பித்தளையோடு ஒட்டிப்போயிருந்தது. சங்கமித்ரா காப்பி டம்ளரோடு கொஞ்ச தூரத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவன் தலை நிமிராமலே சொன்னான். "அடுத்த வாரம் ட்ரிப் இருக்கு."

"இருக்கட்டும் சார்."

"வருவியா?"

"சாப்பாடு ஹங்களாவுல. காட்டு பஸ்ல எனக்கு ஒரு சீட்டு. ரெண்டும் உண்டுன்னா வூட்டுக்கு வந்து கேளுங்க. யோசிச்சு சொல்றேன்."

"யோசிச்சா? நீயா?"

அவள் காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தாள். அவனுடைய அண்டாவுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"அடியில இன்னும் பிடிச்சிருக்கு சார். மண்ணு போட்டுத் தேயுங்க."